மின் இணைப்பில் அம்மாவின் பெயர்

மொட்டை மாடியில் சோலார் வைக்க வேண்டும் என்று நான் முடிவு செய்ததற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் எங்கள் வீட்டின் பகல் எப்படி இருக்கும் என்பதே எனக்குத் தெரிந்தது. மந்தைவெளியில் ஒரு குறுக்குத் தெருவில், தரைத்தளம் மட்டும் உள்ள பழைய வீடு. பங்குனி பிறந்துவிட்டால் மத்தியானம் இரண்டு மணிக்கே கூரையிலிருந்து சூடு இறங்க ஆரம்பித்துவிடும். முப்பத்திரண்டு வருடம் அந்த நேரத்தில் நான் அலுவலகத்தில் கோப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது ஏசியைப் போட்டுக்கொண்டு கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தபோது, தலைக்கு மேலே சும்மா காய்ந்துகொண்டிருக்கும் வெயிலையே இதற்குப் பயன்படுத்தினால் என்ன என்று தோன்றியது.

நந்தனத்தில் நடந்த வீட்டு உபயோகப் பொருள் கண்காட்சியில் சின்ன சோலார் கம்பெனி ஒன்றில் முகவரியைக் கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த வாரமே ஒருவர் வந்தார். நாற்பது வயது இருக்கும், பாலவாக்கத்துக்காரர். வாசலில் செருப்பை விட்டுவிட்டு நேராக மாடிப்படி ஏறினார். டேப்பால் அளந்தார். செல்போனைத் தட்டையாகப் பிடித்துத் திசை பார்த்தார். பக்கத்து வீட்டுத் தென்னை மரத்தை நிமிர்ந்து பார்த்துக் கணக்குப் போட்டார்.

"தெக்கால நல்லா ஓப்பனா கீதும்மா. அந்தத் தென்ன மட்டும் நாலு மணிக்கு மேல நெழலு போடும். பரவால்ல, அப்போ வெயிலே கம்மிதான். மூணு கிலோவாட் தாராளமா வெக்கலாம்."

"இதுக்கு மாநகராட்சியில அனுமதி வாங்கணுமா?"

"ஸ்டாண்ட தாழதான் போடப்போறோம். அதுக்குத் தனியா பிளான் அப்ரூவல்லாம் வாணாம். எல்லாம் ஈ.பி.லதான். கரண்டு பில்லு ஒண்ணு குடுங்க, பாத்துடலாம்."

பழைய ரசீது ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது யாரு பேரும்மா?"

"எங்க அம்மா."

"அப்போ அவங்களாண்ட ஒரு கையெழுத்து வாங்கணும்."

"அவங்க போயி ஏழு வருஷம் ஆச்சு."

அவர் ரசீதை மெதுவாக மடித்து என்னிடமே கொடுத்தார். "முதல்ல பேரு மாத்தணும்மா. கனெக்‌ஷன் யாரு பேர்ல கீதோ அவங்கதான் அப்ளிகேஷன் போட முடியும். ஆதாரு, பேங்க் பாஸ்புக்கு, கரண்டு பில்லு, மூணுலயும் ஒரே பேரா இருக்கணும். மாத்திட்டு ஒரு போன் போடுங்க, நா ஓடியாந்துடறேன்."

ஏழு வருடமாக அந்தப் பெயரை நான் மாற்றாமல் விட்டதற்குச் சோம்பல் காரணம் இல்லை. அம்மா உயில் எழுதவில்லை. வீட்டுக்கு நானும் தங்கையும்தான் வாரிசு. என் பெயருக்கு எதை மாற்றுவதானாலும் அவளுடைய கையெழுத்து வேண்டும். கையெழுத்துக் கேட்க வேண்டுமானால் பேச வேண்டும். நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

சண்டை என்று கத்திக்கொண்டதில்லை. அம்மா படுக்கையில் விழுந்த கடைசி மாதத்தில், கொஞ்ச நாள் தன்னுடன் வைத்துக்கொள்வதாகத் தங்கை சொன்னாள். அவள் இருப்பது ஆதம்பாக்கத்தில், அடுக்குமாடிக் குடியிருப்பில். அம்மாவுக்கும் போக ஆசை இருந்தது. நான்தான் தள்ளிப் போட்டேன். டாக்டர் வரட்டும், மாத்திரை மாறட்டும் என்று ஏதாவது சொன்னேன். கடைசியாக, "வெள்ளிக்கிழமை வண்டி கொண்டு வா, அனுப்பறேன்" என்றேன். வியாழக்கிழமை காலையில் அம்மா போய்விட்டாள். பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, தங்கை வாசலில் நின்று, "நீ அம்மாவை யாருக்கும் குடுக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும்க்கா" என்று சொன்னாள். அதற்குப் பிறகு உறவினர் கல்யாணங்களில் எதிரெதிரே வந்தால் தலையசைப்போம். அவ்வளவுதான்.

மறுநாள் எங்கள் பகுதி மின்வாரிய அலுவலகத்துக்குப் போனேன். உதவிப் பொறியாளர் ஒரு பெண். என் மகள் வயது இருக்கும், எனக்கு மகள் இருந்திருந்தால். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசின் ஆட்சேபணை இல்லாக் கடிதம், சொத்து வரி ரசீது. பெயர் மாறிய பிறகு, இணைப்புக்கு அனுமதித்திருக்கும் மின்பளுவை உயர்த்த வேண்டும். இரண்டு கிலோவாட்டுக்கு வாங்கிய பழைய இணைப்பில் மூன்று கிலோவாட் சோலார் வைக்க முடியாது. அதற்கும் பிறகுதான் சோலாருக்கு விண்ணப்பம், ஆய்வு, கடைசியில் இரண்டு பக்கமும் கணக்கெடுக்கிற மீட்டர்.

கணினியைப் பார்த்துக்கொண்டே அவர் கேட்டார்: "இதுல பதிஞ்சிருக்கிற மொபைல் நம்பர் உங்களுதா மேடம்? எல்லா ஓ.டி.பி.யும் இதுக்குத்தான் போகும்." கடைசி மூன்று எண்களைச் சொன்னார்.

என் எண் இல்லை. தங்கையின் எண்.

வெளியே வந்து ஒரு வேப்பமரத்தடியில் நின்றபோதுதான் நினைவு வந்தது. அம்மா இருந்த காலத்தில் ஆன்லைனில் பணம் கட்டக் கற்றுக்கொண்டவள் தங்கைதான். அப்போது தன் எண்ணைப் பதிந்திருக்கிறாள். நான் எப்போதும் கவுன்ட்டரில் நின்று கட்டுபவள். எண்ணைப் பற்றி யோசித்ததே இல்லை.

போன் செய்யலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். போனில் முடியாது என்று சொல்வது யாருக்கும் சுலபம். சனிக்கிழமை மத்தியானம் மந்தைவெளியில் ரயில் ஏறி வேளச்சேரியில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து ஆதம்பாக்கம் போனேன். கதவைத் திறந்த தங்கை என்னைப் பார்த்ததும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கும் தலை நரைத்துவிட்டது. காதோரத்தில் என்னைவிட அதிகம்.

"வா" என்றாள். உள்ளேயிருந்து அவள் கணவர் எட்டிப் பார்த்து, "வாங்கக்கா, வாங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, கடைக்குப் போய் வருகிறேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். வாங்க வேண்டியது எதுவும் இருந்திருக்காது.

நான் சுற்றி வளைக்கவில்லை. பையிலிருந்து தட்டச்சு செய்த கடிதத்தை எடுத்து நீட்டினேன். மாடியில் சோலார் வைக்கப் போவதையும், பெயர் மாற்றம் தேவைப்படுவதையும் சொன்னேன். அவள் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தாள். பிறகு அதை மேசைமேல் வைத்தாள்.

"போன வருஷம் ஒரு தடவை பில்லு சைபர்னு வந்துச்சு" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"உன் வீட்டு கரண்ட் பில்லு. எனக்குத்தானே மெசேஜ் வருது. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை வரும். போன வருஷம் தை மாசம் சைபர்னு வந்துது. முதல் நூறு யூனிட் ஃப்ரீதான். ஆனா உன் வீட்டுல அதுக்குக் கீழ வந்ததே இல்ல. நீ எங்க போயிருந்தே?"

"ஆபரேஷன். பித்தப்பையில கல்லு. அப்புறம் ஒரு மாசத்துக்கு மேல கூட வேலை பார்த்த ஒரு ஃபிரண்டு வீட்டுல இருந்தேன். ஃபிரிட்ஜைக்கூட அணைச்சுட்டுத்தான் போனேன்."

"எனக்குச் சொல்லணும்னு தோணலையா?"

தோன்றியது. ஆஸ்பத்திரியில் படிவம் எழுதும்போது நெருங்கிய உறவினர் என்ற இடத்தில் அவள் பெயரை எழுதிவிட்டு, அப்புறம் அடித்துவிட்டு, அந்தத் தோழியின் பெயரை எழுதினேன். அதை அன்று என்னால் சொல்ல முடியவில்லை.

"மூணு நாள் போனையே கையில வச்சுகிட்டிருந்தேன்" என்றாள் தங்கை. "கேக்கலாமா வேணாமான்னு. இவரை விட்டு உன் தெருப் பக்கமா போயிட்டு வரச் சொன்னேன். வீடு பூட்டியிருக்குன்னு வந்து சொன்னாரு. அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கல. அப்புறம் அடுத்த பில்லு எப்பவும் போல வந்துச்சு. சரி, இருக்கான்னு விட்டுட்டேன்."

இருக்கா. அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு என்னால் அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை. முகம் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று எழுந்து குளியலறைக்குப் போனேன்.

உள்ளே சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி இருந்தது. துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, உட்கார்ந்து எழுபவர்கள் பிடித்துக்கொள்வதற்கு. பக்கத்தில் இன்னொன்று, கொஞ்சம் தாழ்வாக. அந்த வீட்டில் அதைப் பிடித்து எழ வேண்டிய அளவுக்கு வயதானவர் யாரும் இல்லை. அம்மா வருவாள் என்று ஏழு வருடத்துக்கு முன் சுவரைத் துளைத்து மாட்டியவை என்பது எனக்கு உடனே தெரிந்துவிட்டது. பளபளப்பு குறையாமல் இருந்தன. குழாயைத் திறந்துவிட்டு அதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

வெளியே வந்தபோது மேசைமேல் காபி இருந்தது. நான் உட்காராமலே சொன்னேன்.

"வெள்ளிக்கிழமைன்னு சொன்னேன். வியாழக்கிழமையே போயிடுவான்னு எனக்குத் தெரியாது."

"அது எனக்குத் தெரியும்க்கா. யாருக்குத்தான் தெரியும்?"

"இரு, முழுசா சொல்லிடறேன். வெள்ளிக்கிழமை நீ வண்டியோட வந்திருந்தாலும் நான் வேற ஏதாவது சொல்லித்தான் இருப்பேன். அவ இல்லாம அந்த வீட்டுல எப்படி இருக்கறதுன்னு எனக்கு பயம். அவளுக்காக இல்ல, எனக்காகத்தான் பிடிச்சு வச்சுகிட்டேன். நீ அன்னிக்கு வாசல்ல நின்னு சொன்னது சரிதான்."

தங்கை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபமா, ஆறுதலா என்று எனக்கு விளங்கவில்லை. டம்ளரை என் பக்கம் நகர்த்தி, "காபி ஆறுது, குடி" என்றாள்.

கடிதத்தில் அன்று அவள் கையெழுத்துப் போடவில்லை. "இருக்கட்டும், நான் பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள். நானும் வற்புறுத்தவில்லை. திரும்பி வரும்போது ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கோட்டூர்புரம் தாண்டி ஆற்றைக் கடக்கும்போது, சோலார் இல்லாவிட்டால் போகட்டும் என்று தோன்றியது. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வாசல் கேட் சத்தம் கேட்டது. தங்கை நின்றிருந்தாள். தோளில் ஒரு துணிப்பை. உள்ளே வந்தவள் கூடத்தில் நிற்கவில்லை.

"மாடிக்குப் போலாம், வா."

நான் முன்னால் ஏறினேன். அவள் முட்டியில் கைவைத்து ஒவ்வொரு படியாக ஏறி வந்தாள். வெயில் சுரீரென்று இருந்தது. பாலவாக்கத்துக்காரர் சாக்பீசால் கோடு போட்டு வைத்திருந்த இடத்தைக் காட்டினேன். அவள் கோட்டுக்குள் நடந்து பார்த்தாள், தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிப் போனாள்.

"இவ்ளோ ஒட்டி வச்சா தொட்டி கழுவ ஆள் எந்தப் பக்கமா ஏறுவான்?"

நான் யோசிக்கவே இல்லை. அவர் யோசித்தாரோ என்னவோ.

"ஒரு வரிசையை அந்தப் பக்கம் தள்ளச் சொல்லு. ரெண்டடி விடட்டும். தகடை வேற வாரா வாரம் தொடைக்கணுமாம். இந்த வயசுல நீ வளைஞ்சு நெளிஞ்சு போவியா?"

பிறகு துணிப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். வாரிசுச் சான்றிதழின் அசல் அதில் இருந்தது. என்னிடம் நகல்தான் உண்டு. என் கடிதமும் இருந்தது. அதைத் தொட்டியின் சிமென்ட் விளிம்பில் விரித்து, காற்றில் பறக்காமல் நான் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள, கையெழுத்துப் போட்டாள். சிமென்டின் சொரசொரப்பில் அவள் பெயர் கொஞ்சம் நடுங்கினாற்போல விழுந்தது. அன்று மத்தியானம் இருவரும் சாம்பாரும் உருளைக்கிழங்கு வறுவலுமாகச் சாப்பிட்டோம். அவள் அம்மாவின் அறையில் ஒரு மணி நேரம் தூங்கினாள். நான் கதவைச் சாத்தவில்லை.

பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பம் பதியும்போது, "நம்பரையும் உங்களுதா மாத்திடலாமா மேடம்?" என்று பொறியாளர் கேட்டார். கூட வந்திருந்த தங்கை என் முகத்தைப் பார்த்தாள். "வேணாம், அதே இருக்கட்டும்" என்றேன். பொறியாளருக்கு அது வியப்பாக இருந்திருக்கலாம். அவர் அடுத்த பக்கத்துக்குப் போனார்.

அதன் விளைவை நான்தான் அனுபவித்தேன். இணையதளத்தில் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் ஆதம்பாக்கத்துக்குத்தான் எண் போனது. அவள் உடனே போன் செய்வாள். "அக்கா, ஆறு நம்பர் வந்திருக்கு, எழுதிக்கோ." நான் கண்ணாடியைத் தேடுவதற்குள் நேரம் முடிந்துபோகும். மறுபடி கேட்க வேண்டும். மறுபடி அவள் கூப்பிடுவாள். எண் முடிந்ததும் சும்மா வைத்துவிட முடியாதல்லவா. என்ன சமையல், முட்டி வலி எப்படி, மைலாப்பூரில் கீரை என்ன விலை என்று பேச்சு நீளும். அந்த இரண்டு மாதத்தில் ஏழு வருடத்துக்குச் சேர்த்துப் பேசினோம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தினமும் பேசினோம்.

நடுவில் ஒரு தடங்கல் வந்தது. மின் இணைப்பு என் பெயருக்கு மாறி, மின்பளுவும் உயர்ந்து, சோலார் விண்ணப்பம் போட்ட பிறகு அது திரும்பி வந்துவிட்டது. ஆதாரில் என் அப்பா பெயரின் முதலெழுத்து பின்னால் இருந்தது. பாஸ்புக்கில் முன்னால் இருந்தது. தப்பு என்னுடையதுதான். எந்தக் காலத்திலோ ஏதோ படிவத்தில் நானே மாற்றி மாற்றி எழுதியிருக்கிறேன். வங்கிக்கு நடந்து அதைச் சரிசெய்ய இரண்டு வாரம் ஆயிற்று. பாலவாக்கத்துக்காரர் போனில் சிரித்தார். "இன்னாம்மா, இவ்ளோ வருஷம் ஆபீசுல மத்தவங்க பைலெல்லாம் பாத்துட்டு, உங்க பேர உட்டுட்டீங்களே."

ஆனி மாதம் ஒரே நாளில் தகடுகளை ஏற்றி முடித்தார்கள். கடல் காற்று இங்கே வரைக்கும் வரும் என்பதால் துருப்பிடிக்காத போல்ட்டுதான் போட வேண்டும் என்று அவரே வற்புறுத்தினார். தங்கை சொன்னபடி தொட்டியைச் சுற்றி இரண்டடி வழி விட்டார்கள். அதற்காக ஸ்டாண்டு ஒன்றை அறுத்துப் புதிதாக வெல்டிங் வைக்க வேண்டியிருந்தது. "யாரும்மா இந்த ஐடியா குடுத்தது? கரெக்டாதான் கீது. நாந்தான் மறந்துட்டேன்" என்று ஒப்புக்கொண்டார். பிறகு அந்தப் பெண் பொறியாளர் வந்து எர்த் கம்பிகளையும் இடிதாங்கியையும் பார்த்துக் குறித்துக்கொண்டு போனார். பத்து நாளில் பழைய மீட்டரைக் கழற்றிவிட்டுப் புதிய மீட்டரை மாட்டினார்கள்.

அன்றைக்குத் தங்கையும் அவள் கணவரும் வந்திருந்தார்கள். சுவிட்சைப் போட்டதும் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. சுவரில் மாட்டிய பெட்டியில் ஒரு பச்சை விளக்கு எரிந்தது. கூடத்தில் மின்விசிறி எப்போதும் போலவே சுற்றியது. "அவ்ளோதானா?" என்று தங்கை கேட்டாள். மூவரும் சிரித்துவிட்டோம். அவள் கணவர்தான் மீட்டருக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, எண் மாற மாற எங்களுக்கு வாசித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி நாங்கள் மறுபடி பேசவில்லை. பேசினால் இன்னும் கொஞ்சம் வலிக்கும் என்று இருவருக்கும் தெரியும். வீட்டைப் பிரிப்பதைப் பற்றியும் பேசவில்லை. அதற்கு அவசரம் இல்லை என்று அவள் ஒருநாள் சொன்னாள், நானும் சரி என்றேன்.

ஐப்பசி மழை விட்டதும் அவளுக்கு ஓர் ஆசை வந்தது. தங்கள் குடியிருப்பில் லிஃப்ட்டுக்கும் மோட்டாருக்கும் பொது விளக்குக்கும் சோலார் வைக்கலாம் என்று. அங்கே மொட்டை மாடி எல்லோருக்கும் பொது. பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் சம்மதம் எழுதிக் கொடுக்க வேண்டும். "அலையறதுல உனக்குத்தான் அனுபவம், கூட வா" என்று என்னைக் கூப்பிட்டாள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை அட்டையும் பேனாவுமாக மாடி மாடியாக ஏறி இறங்கினோம். பதினோரு கையெழுத்து வந்துவிட்டது. மூன்றாவது மாடியில் ஒருவர் மட்டும் கதவைப் பாதி திறந்தபடி நின்று, முடியவே முடியாது என்றார்.

"என்ன சார் காரணம்? சொன்னாத்தானே தெரியும்" என்றாள் தங்கை.

"துணி எங்க காயப்போடறது? என் கொடி தெக்குப் பக்கந்தான் இருக்கு."

தங்கை மேற்கொண்டு வாதாடவில்லை. அட்டையை என் முதுகில் வைத்து, சம்மதக் கடிதத்தின் அடியில் ஒரு வரி எழுதினாள். தெற்குப் பக்கத்தில் உள்ள துணிக்கொடியை யாரும் அகற்றக் கூடாது. அவர் அதை வாங்கி நிதானமாகப் படித்தார். பேனாவைக் கேட்டு, 'துணிக்கொடியை' என்பதற்கு முன்னால் 'இரண்டு' என்று அவரே சேர்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பிறகு கதவை முழுதாகத் திறந்து, உள்ளே வந்து உட்காரச் சொன்னார். அவர் மனைவி ஆளுக்கொரு டம்ளர் மோர் கொண்டுவந்து கொடுத்தார்.